மருத்துவக் காப்பீடு: கட்டாயம் யாருக்கு?



காவிரியின் நடுவே தீவாகக் கிடக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்தை அறியாத தமிழர் அரியர். ஆதிரங்கம் என்று போற்றப்படும் அரங்கநாதன் திருக்கோயில் அங்கே இருக்கிறது. அத்தீவை இரு கையாலும் அணைத்துச் செல்லும் ஆறே, சிவசமுத்திரத்தையும் கடந்து வந்து, நம் திருவரங்கத்தையும் அணைக்கிறது. சரித்திரம் படித்தவர்க்கோ ஊரின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் 1799ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் நினைவிற்கு வரும். அன்று திப்பு சுல்தான் போர்க்களத்தில் வீழ்ந்தார். கோட்டை கம்பெனியார் வசமாயிற்று.

அக்கோட்டையை வென்றவர்களை வேறொரு பகைவன் வென்ற கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அப்பகைவன் காய்ச்சல். தீவில் நிறுத்தப்பட்ட படையினர் காய்ச்சலால் நலிந்தனர், பலர் மாண்டனர். நோய் எவ்வாறு வருகிறது என்பதை அக்காலத்து வைத்தியர் அறியார். மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897இல்தான். ஆகவே, இது கெட்ட காற்றின் வேலை என்று எண்ணி, படையை மேட்டு நிலமாகிய பெங்களூருக்கு மாற்றினார்கள். 1809ஆம் ஆண்டையொட்டி அங்கே கண்டோன்மென்ட் எழுந்தது. சென்னைப் படையின் சிப்பாய்களும், அவர்களுக்குப் பண்டம் விற்றவர்களும், கட்டடம் கட்டியவர்களுமாக நம்மவர் பலர் அங்கே வந்து குடியேறினர். பெங்களூரில் தமிழ்க் குடியிருப்புகள் பெருகியதற்கு இத்தீவின் காய்ச்சலும் ஒரு காரணம் என்றால் அது மிகையாகாது.

இக்கதையில் நாம் கொள்ளவேண்டிய பாடம் ஒன்று உண்டு. பீரங்கிக்கு ஈடு கொடுக்கக் கட்டிய மதில் நோய்க்கு ஈடு கொடுக்கவில்லை. வென்றவன், தோற்றவன், சிப்பாய், துரை என்ற வேறுபாட்டையும் நோய் பார்க்கவில்லை. நோய் பொதுவான பகை என்றால், அதனை எதிர்ப்பதற்கு ஆகும் செலவும் பொதுவாக இருத்தல் வேண்டும் அன்றோ? ஆயின் அப்பொதுச் செலவில் பங்கு கொள்ளும்படி ஒவ்வொருவரையும் சட்டத்தால் கட்டாயப்படுத்தலாமா? நாட்டில் உள்ளோர் அனைவரும் மருத்துவக் காப்பீடு, அதாவது நாம் வீட்டில் இன்ஷூரன்ஸ் என்று வழங்குவது, எடுத்தே தீரவேண்டும் என்று விதிப்பது தகுமா? இன்று நாம் ஆராயப் புகுந்த பொருள் இதுவே.

இது ஏட்டளவில் நிற்கும் கேள்வி அன்று. ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்த ஊர் ஒன்றில் வீடு கட்டும் வேலைக்குச் சேலத்துப் பக்கத்திலிருந்து ஒரு கொத்தனார் குடும்பத்தோடு வந்து தங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சாரத்திலிருந்து தவறி விழுந்து அவருக்குத் தொடை எலும்பு முறிகிறது. முதலில் தாலூகா மருத்துவமனைக்குக் கொண்டுசெல்கிறார்கள். அங்கிருந்து மண்டியாவிற்கோ, மைசூர்க் கே.ஆர். மருத்துவமனைக்கோ அனுப்புகிறார்கள். அரசாங்க மருத்துவமனை அவரைத் திருப்பி அனுப்பிவிடாது. ஆயினும் வெளியே வாங்கும் மருந்து, உள்ளே வைக்கும் உலோகத் தகடு, உடன் இருப்போரின் சாப்பாடு, மூன்று மாதம் இழந்த கூலி ஆகியவற்றிற்கு யார் பொறுப்பு? குடும்ப அட்டை சேலத்தில் இருக்கிறது. இங்கே அவருக்கு அட்டை இல்லை. மேஸ்திரி முன்பணமாகக் கொடுக்கும் சில ஆயிரங்கள் நாளைய கூலியில் கழியும். மனைவியின் காதில் கிடப்பது அடகுக்கடைக்குப் போகும். கொத்தனாரின் எலும்பு மூன்று மாதத்தில் கூடிவிடும். கடன் மூன்று ஆண்டுக்கும் தீராது. வெளி மாநிலங்களில் வாழும் நம்மவரில் எத்தனையோ பேர் இந்நிலையைக் கண்டவர்கள்.

காப்பீட்டின் தத்துவம் நமக்குப் புதியது அன்று. நம் ஊர்களில் குடிமராமத்து என்ற வழக்கம் இருந்தது. கோடையில் ஏரி வற்றியதும் வீட்டிற்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வரவேண்டும். கரையைப் பலப்படுத்துவார்கள், வாய்க்காலைத் தூர்வாருவார்கள். என் வயல் மேட்டில் இருக்கிறது, உடைப்பு எடுத்தாலும் எனக்குக் கேடில்லை என்று ஒருவர் ஒதுங்கிக்கொள்ள ஊர் விடாது. எந்த ஆண்டு மழை எந்த இடத்தில் கரையை உடைக்கும் என்று எவருக்கும் தெரியாது. ஆகவே எல்லோரும் வரவேண்டும். நோயும் அவ்வாறே. இவ்வாண்டு எந்த வீட்டில் புகும் என்று தெரியாது. ஆயிரம் வீட்டில் சிலவற்றில் புகும் என்பது மட்டும் உறுதி.

இதனைச் சிறு கணக்கால் விளக்குவோம். ஓர் ஊரில் ஆயிரம் குடும்பங்கள். ஓர் ஆண்டில் பத்துக் குடும்பங்களுக்குப் பெருநோய் வந்து, ஒவ்வொன்றிற்கும் ஒரு லட்சம் ரூபாய் செலவாகிறது என்று கொள்வோம். மொத்தம் பத்து லட்சம். ஆயிரம் குடும்பமும் சேர்ந்தால் தலைக்கு ஆயிரம் ரூபாய். உடல் உரமாக உள்ள அறுநூறு குடும்பங்கள், நமக்கு எதற்கு இந்தத் தண்டச் செலவு என்று விலகிவிட்டால், மீதி நானூறு குடும்பங்கள் தலைக்கு 2,500 ரூபாய் தரவேண்டும். அது பாரமாகிறது என்று இன்னும் இருநூறு குடும்பங்கள் விலகினால், எஞ்சியவர் தலையில் 5,000 ரூபாய் விழுகிறது. இப்படியே போனால் முடிவில் நோயாளிகள் மட்டுமே மிஞ்சுவர், நிதி முறியும். விருப்பமானவர் சேரலாம் என்று விட்டுவிடும் காப்பீட்டில் உள்ள பெருங்குறை இது. கட்டாயம் வேண்டும் என்போரின் முதல் வாதமும் இதுவே.

இதற்குச் சான்று தேடி நாம் கடல் கடந்து செல்லவேண்டியதில்லை. கர்நாடகத்திலேயே 'யசஸ்வினி' என்ற திட்டம் இருக்கிறது. 2002இல் தொடங்கப்பட்டு 2003ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நடைமுறைக்கு வந்தது. இருதய அறுவை மருத்துவர் தேவி ஷெட்டி அவர்களின் யோசனையும், கர்நாடக அரசின் கூட்டுறவுத் துறையும் சேர்ந்து உருவாக்கியது. கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினரான விவசாயி மாதம் 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 60 ரூபாய் கட்டினால் போதும். அரசு தன் பங்காக 30 ரூபாய் சேர்த்தது. இவ்வளவு சிறிய தொகைக்கு இருதய அறுவை உட்பட நூற்றுக்கணக்கான அறுவைச் சிகிச்சைகளை, பட்டியலில் சேர்ந்த மருத்துவமனைகளில் கையிலிருந்து பணம் கொடாமல் செய்துகொள்ளலாம் என்றார்கள். முதலாண்டிலேயே ஏறத்தாழ 16 லட்சம் பேர் சேர்ந்தார்கள். பால் சங்கத்திலும் கரும்புச் சங்கத்திலும் பழகிய மக்கள், இதனையும் தங்கள் சங்கத்தின் வேலையாகவே கருதினர். நோய் வந்தபின் ஓடிவந்து சேர்கிற தந்திரத்திற்கும் இடம் குறைவு; சங்கத்தில் சில மாதமாவது உறுப்பினராக இருந்திருக்க வேண்டும் என்ற விதி இருந்தது.

ஆயின் மூன்றாம் ஆண்டில் சந்தா 60 ரூபாயிலிருந்து 120 ரூபாய் ஆயிற்று. உடனே பல லட்சம் பேர் விலகிவிட்டனர். பத்து ரூபாய்க்கும் கணக்குப் பார்க்கும் குடும்பத்தில், நால்வருக்குச் சந்தா இரட்டிக்குமானால், நல்ல உடம்போடு இருப்பவனின் பெயரைத்தான் முதலில் நீக்குவார்கள். அதில் அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. பின்னர் உறுப்பினர் தொகை மீண்டும் பெருகியது. 2018இல் திட்டம் நிறுத்தப்பட்டு, அரசின் பொதுத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. கூட்டுறவுக்காரர் மீண்டும் மீண்டும் கேட்டதன் பேரில் 2022ஆம் ஆண்டின் இறுதியில் உறுப்பினர் சேர்க்கை மறுபடி தொடங்கிற்று; கிராமத்தில் நால்வர் உள்ள குடும்பத்திற்கு 500 ரூபாய் என்று சந்தா வகுத்தனர். இவ்வரலாறு இரண்டு உண்மைகளைக் காட்டுகிறது. ஏழை மக்கள் காப்பீட்டை வேண்டாதவர் அல்லர். நம்பத்தக்க இடத்தில், தாங்கத்தக்க விலையில் கிடைத்தால் லட்சக்கணக்கில் வருவார்கள். அதே சமயம், அவரவர் விருப்பத்திற்கு விட்டால் விலை ஏறும்போது கூட்டம் கலையும்.

எனின், கட்டாயப்படுத்திவிடுவதே நன்று என்று தோன்றும். அவ்வாறு முடிவு கட்டுவதற்கு முன் மறுபக்கத்தையும் கேட்பது முறை.

கட்டாயத்தை மறுப்போர் கூறுவன மூன்று. முதலாவது, அன்றாடம் கூலிக்குப் போகிறவனிடம் கட்டாயச் சந்தா கேட்பது தலைவரி கேட்பதற்கு ஒப்பாகும். செல்வரும் வறியரும் ஒரே தொகை தருவது நீதியாகாது. இரண்டாவது, தன் உடம்பைப் பற்றித் தானே முடிவு செய்யும் உரிமை மனிதனுக்கு உண்டு. மூன்றாவதே வலிமை மிக்கது. சந்தா வாங்குவது சுலபம். வைத்தியம் கொடுப்பது கடினம். முப்பது மைல் சுற்றளவில் மருத்துவமனையே இல்லாத மலைக்கிராமத்தானுக்குக் காப்பீட்டு அட்டை எதற்கு? அதைச் சுவரில் மாட்டி வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

குடிமராமத்தின் பிற்கால வரலாறு இங்கே நமக்கு எச்சரிக்கையாக நிற்கிறது. அவ்வழக்கம் தளர்ந்தபோது, 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். வேலைக்கு வராதவரிடம் தண்டம் வாங்க இச்சட்டம் இடமளித்தது. சட்டம் ஏட்டில் இருந்தது; ஏரிகளோ பல இடங்களில் தூர்ந்துகொண்டே போயின. தீர்வையை வாங்கிக்கொண்ட அரசாங்கம் மராமத்தில் தன் பங்கைச் சரிவரச் செய்யாதபோது, குடிகளின் பங்கை மட்டும் சட்டத்தால் வாங்கிவிட முடியவில்லை. ஒரு கை தட்டி ஓசை எழாது.

நம் நாட்டுப் பெரியோர் இக்கேள்வியை எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஆழ்ந்து ஆராய்ந்தனர். பேராசிரியர் பி.பி. அதார்கர் 1944இல் ஆலைத் தொழிலாளருக்கான அறிக்கையை அளித்தார். காப்பீடு கட்டாயமாக இருக்கவேண்டும், தொழிலாளியும் முதலாளியும் பங்கு செலுத்தவேண்டும் என்பது அவர் முடிவு. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1946இல், சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு தன் அறிக்கையை வெளியிட்டது. பணம் இல்லை என்ற காரணத்தால் எவருக்கும் தக்க வைத்தியம் கிடையாமற் போகக்கூடாது என்பதை அக்குழு தன் முதற் கொள்கையாக வைத்தது. நாட்டில் பெரும்பாலோர் சந்தா கட்டும் நிலையில் இல்லை. ஆகவே, அரசாங்கமே பொது வருவாயிலிருந்து மருத்துவத்தை வழங்கவேண்டும் என்று அக்குழு கூறியது. ஒன்று காப்பீட்டு வழி; மற்றொன்று வரிப்பண வழி. சுதந்திர இந்தியா இரண்டு வழிகளிலும் பாதி தூரம் நடந்தது என்று கூறலாம்.

அதார்கர் காட்டிய வழியில் 1948இல் தொழிலாளர் அரசாங்கக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. 1952ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் கான்பூரில் பிரதமர் நேரு அவர்கள் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். இ.எஸ்.ஐ. என்று இன்று எல்லோரும் கூறுவது இதனையே. இதில் சேர்வது தொழிலாளியின் விருப்பத்தைப் பொறுத்தது அன்று; சட்டத்தின் எல்லைக்குட்பட்ட எல்லோர்க்கும் கட்டாயம். கட்டாயக் காப்பீடு நம் நாட்டிற்கு ஒவ்வாது என்று சொல்வோர், எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அது நம் நடுவே நடந்துவருவதை மறந்துவிடுகின்றனர். 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு ஊதியத்தில் முக்கால் விழுக்காடு; முதலாளியின் பங்கு மூன்றேகால் விழுக்காடு. மாதம் 16,000 ரூபாய் ஊதியமானால் தொழிலாளி தருவது 120 ரூபாய். முதலாளி தருவது 520 ரூபாய். கொடுப்பது ஊதியத்திற்கு ஏற்ப. வைத்தியம் பெறுவது நோய்க்கு ஏற்ப. இதில் உள்ள நீதி எளிதில் விளங்கும். நோயுற்ற நாளில் ஊதியத்தில் ஒரு பகுதியும் கிடைக்கிறது என்பது இன்னொரு சிறப்பு. ஆயின் இக்குடையின் கீழ் வருவோர் சிலரே. பத்துப் பேருக்குக் குறைவாக உள்ள கடை, வயல் வேலை, தெருவில் தள்ளுவண்டி வியாபாரம், மேஸ்திரியின் பெயரில்லாப் பட்டியலில் கிடக்கும் கட்டட வேலை ஆகியவற்றில் உழைப்போர் பெரும்பாலும் மழையில் நிற்கின்றனர்.

பிற நாடுகளைச் சற்றே நோக்குவோம். ஜெர்மனியில் 1883இலேயே பிஸ்மார்க் தொழிலாளருக்கு நோய்க் காப்பீட்டைக் கட்டாயமாக்கினார். பிரிட்டனில் 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாரந்தோறும் தொழிலாளி 4 பென்ஸ், முதலாளி 3 பென்ஸ், அரசு 2 பென்ஸ் என்று பங்கிட்டுக்கொண்டார்கள். அந்நாடே 1948இல் அம்முறையைக் கடந்து, அனைவருக்கும் வரிப்பணத்திலிருந்து வைத்தியம் என்ற ஏற்பாட்டிற்கு வந்தது. ஸ்விட்சர்லாந்தில் 1996 முதல் அங்கு வாழ்வோர் எல்லோரும் காப்பீடு எடுத்தே ஆகவேண்டும். வருவாய் குறைந்தவரின் சந்தாவிற்கு அரசு உதவுகிறது. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயத்தை விதித்தது. எதிர்ப்பு எழுந்து, எடுக்காதவர்க்கான தண்டத்தொகை 2019 முதல் ஒன்றுமில்லாமல் ஆக்கப்பட்டது. தாய்லாந்தோ 2002இல் சந்தாவே கேளாமல், வரிப்பணத்திலிருந்து எளிய மக்கள் அனைவரையும் காப்பிற்குள் கொண்டுவந்தது. நம் அண்டை நாடான இலங்கையில் அரசு மருத்துவமனைகள் நெடுங்காலமாகக் கட்டணமின்றி வைத்தியம் செய்துவருகின்றன. பெயர்கள் பல; முறைகள் பல. வெற்றி பெற்ற இடங்களில் எல்லாம் ஒன்று மட்டும் பொதுவாக இருக்கக் காண்கிறோம். கொடுக்க இயலாதவனுக்காக வேறொருவர் கொடுத்திருக்கிறார். கொடுத்த பணத்திற்கு வைத்தியம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது.

நம் நாட்டில் இப்போது உள்ள நிலை யாது? 2018இல் நடுவண் அரசு ஆயுஷ்மான் பாரத் என்ற பெயரில், பட்டியலில் உள்ள ஏழைக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பளிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. கர்நாடகம் அதனைத் தன் ஆரோக்கிய கர்நாடகத் திட்டத்தோடு இணைத்தது. வறுமைக்கோட்டு ரேஷன் அட்டை உள்ள குடும்பத்திற்கு 5 லட்சம் வரை காப்பு; ஏனையோர்க்கு வகுத்த கட்டணத்தில் 30 விழுக்காடு, ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை உதவி என்பது அதன் அமைப்பு. தமிழகத்தில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்கள் சேரலாம். இவற்றில் மக்கள் சந்தா கட்டுவதில்லை; அரசே பொறுப்பேற்கிறது. இத்திட்டங்களால் உயிர் பிழைத்த குடும்பங்கள் நாடெங்கும் உண்டு. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து கொடுத்த பங்கு 2013-14இல் 64 விழுக்காடாக இருந்தது. 2021-22இல் 39 விழுக்காடாகக் குறைந்தது என்று தேசியக் கணக்கு கூறுகிறது. இது மகிழத்தக்கதே. எனினும் 2019-21இல் எடுத்த குடும்ப நல ஆய்வின்படி, ஒருவருக்கேனும் ஏதேனும் ஒரு காப்புள்ள குடும்பங்கள் நாட்டில் 41 விழுக்காடுதான். அன்றியும், இத்திட்டங்கள் பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்துப் பெறும் சிகிச்சைக்கே உதவுகின்றன. நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்பிற்கும் மாதந்தோறும் வாங்கும் மாத்திரை நம் பணப்பையிலிருந்தே போகிறது.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு மற்றொரு குறையும் உண்டு. நம் கொத்தனாரின் குடும்ப அட்டை தமிழகத்து அட்டை. முறிந்த எலும்போ கர்நாடகத்து மருத்துவமனையில். நடுவண் அரசின் பட்டியலில் பெயருள்ளவர் நாட்டின் எப்பகுதியிலும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் வைத்தியம் பெறலாம் என்பது விதி. மாநிலம் தன் செலவில் சேர்த்துக்கொண்ட குடும்பங்களுக்கும் அவ்வுரிமை தானாகவே கிட்டும் என்பதில்லை. இரண்டு ஊருக்கும் உழைத்து, இரண்டு ஊர்ப் பட்டியலிலும் இல்லாதவராக நம்மவர் நிற்பது இதனால்தான். காவிரி நீர்கூடப் பிலிகுண்டுலுவில் அளக்கப்பட்டே தமிழகத்துள் நுழைகிறது. காய்ச்சலை எந்த எல்லையிலும் எவரும் அளந்து அனுப்புவதில்லை. நோய்க்கு எல்லை இல்லாதபோது மருந்திற்கு மட்டும் எல்லை இருப்பது முறையன்று.

இதனை மாற்ற முடியாது என்று சோர்வதற்குக் காரணம் இல்லை. ரேஷன் அரிசி ஒரு காலத்தில் ஊர்க்கடையில் மட்டுமே கிடைத்தது. 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' என்ற ஏற்பாடு 2022க்குள் எல்லா மாநிலங்களுக்கும் பரவியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவர் எந்த ஊரிலும் தம் பங்கை வாங்கலாம். அரிசி எல்லை தாண்டும்போது மருந்து ஏன் தாண்டக்கூடாது? தமிழகத்தின் காப்பீட்டுத் திட்டத்திலேயே, ஆறு மாதத்திற்கு மேல் அங்கு வாழ்ந்ததற்குச் சான்று பெற்ற பிற மாநிலத்தவர்க்கு இடமளிக்கும் விதி இருக்கிறது. நாம் பிறந்த மாநிலம் பிறர்க்குத் திறந்து வைத்த கதவை, நாம் வாழும் மாநிலங்களும் நமக்குத் திறக்கவேண்டும் என்று கேட்பது பிச்சை கேட்பதாகாது.

இனி நம் முடிவைக் கூறுவோம். மருத்துவக் காப்பீடு கட்டாயமாதல் வேண்டும். ஆயின் அக்கட்டாயத்திற்கு ஒரு வரிசை உண்டு. முதற் கட்டாயம் அரசுக்கு. எட்டும் தூரத்தில் மருத்துவர், மருந்து, தாதியர் ஆகியவற்றை ஏற்படுத்திய பின்னரே அட்டையைக் கட்டாயமாக்கும் தகுதி அதற்கு வரும். அந்த அட்டை எல்லா மாநிலத்திலும் செல்லவேண்டும். மாதாந்தர மருந்திற்கும் உதவவேண்டும். கொடுக்க இயலாதவரின் பங்கைப் பொக்கிஷமே கொடுக்கவேண்டும். இரண்டாவது கட்டாயம் வேலை வாங்குவோர்க்கு. ஒருவரிடம் மூன்று மாதம் உழைப்பை வாங்கியவர், ஆள் என் கணக்கில் இல்லை, மேஸ்திரி கணக்கில் இருக்கிறான் என்று கைகழுவ இடமளிக்கலாகாது. பிற மாநிலத்துத் தொழிலாளருக்கு இலவச மருத்துவ வசதி தருவது ஒப்பந்தக்காரரின் கடமை என்று 1979ஆம் ஆண்டுச் சட்டமே கூறியது. அச்சட்டம் 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பில் கலந்துவிட்டது. எழுத்து மாறினாலும் கடமை மாறக்கூடாது. மூன்றாவது கட்டாயமே நமக்கு. வருவாய் உள்ளவர், நான் நோயே அறியாதவன் என்று ஒதுங்குவது, மேட்டு வயல்காரன் மண்வெட்டியை மறைத்து வைப்பதற்கு ஒப்பாகும். இன்று உரமாக உள்ள உடம்பின் பங்குதான் இன்று நோயுற்ற அண்டை வீட்டாரைத் தாங்குகிறது. நாளை அவர் பங்கு நம்மைத் தாங்கும்.

இவ்வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் குடிமகன் கட்டட்டும், மருத்துவமனை பிறகு வரும் என்றால், அது 1858ஆம் ஆண்டுச் சட்டத்தின் கதையாகவே முடியும்.

அந்நாள் வரும்வரை நாம் வாளாவிருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. இன்றே செய்யத்தக்கவை சில உண்டு. பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் இருப்போர், இ.எஸ்.ஐ. எண் தமக்கு இருக்கிறதா என்று கேட்டறிக. ஊதியத்தில் பிடித்தம் நடந்தும் எண் கொடுக்கப்படவில்லையானால் எழுத்தில் கேட்க. கட்டட வேலை செய்வோர் ஓராண்டில் 90 நாள் வேலை செய்திருந்தால், வேலை செய்யும் மாநிலத்தின் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். 1996ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட இவ்வுரிமைக்குத் தாய்மொழி தடையாகாது. கர்நாடகக் கிராமங்களில் கூட்டுறவுச் சங்க உறுப்பினராக உள்ளோர் யசஸ்வினியில் சேரும் காலத்தைச் சங்கச் செயலாளரிடம் கேட்டு வைத்துக்கொள்க. 70 வயது நிறைந்த பெரியோர்க்கு வருமானம் பாராமல் 5 லட்சம் வரை காப்பளிக்கும் ஏற்பாட்டை நடுவண் அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது. தாம் வாழும் மாநிலத்தில் அது எவ்வாறு நடைபெறுகிறது என்று வீட்டில் உள்ள இளையோர் கேட்டறிந்து சொல்லுதல் நன்று. தாமே சந்தா கட்டிக் காப்பீடு எடுக்கும் குடும்பங்களுக்கு, 2025 செப்டம்பர் 22 முதல் அச்சந்தாவின் மீதிருந்த 18 விழுக்காட்டு வரி நீக்கப்பட்டிருக்கிறது. படிவத்தில் பழைய நோயை மறைக்கலாகாது என்பதை மட்டும் நினைவிற் கொள்க. இன்று மறைத்தது நாளை பணம் கேட்கும்போது வெளிப்பட்டு வழியை அடைக்கும்.

இவற்றோடு, ஒவ்வொரு நகரிலும் உள்ள நம் தமிழ்ச் சங்கங்கள் ஒரு பணியை மேற்கொள்ளலாம். பொங்கல் விழாவிற்குப் பந்தல் போடும் நாளில் ஒரு மூலையில் மேசை ஒன்று போட்டு, படிவம் நிரப்பத் தெரியாதவர்க்கு உள்ளூர் மொழி அறிந்த இளைஞர் இருவர் உதவினால், விழா இன்னும் சிறக்கும். அட்டை இல்லாத ஒரு குடும்பத்திற்கு அட்டை வாங்கிக் கொடுப்பது அன்னதானத்திற்குக் குறைந்த புண்ணியம் அன்று.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டைச் சுவர் இன்றும் நிற்கிறது. பார்க்க வருவோர் அதன் கனத்தைக் கண்டு வியக்கின்றனர். அச்சுவரைக் கட்டியவர் கையில் கூலி ஏந்தி எங்கெங்கிருந்தோ வந்த கொத்தனார்கள். அவர்கள் காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. இன்று அதே ஊர்ப்புறத்தில் சுவர் எழுப்பும் கொத்தனார் கீழே விழுந்தால், அவர் எந்த ஊர் அட்டைக்காரர் என்று கேட்பதற்கு முன், எந்த இடத்தில் வலிக்கிறது என்று கேட்கும் நாடாக நம் நாடு ஆகவேண்டும். அதற்காக நம்மிடம் ஒரு பங்கு கேட்டால், மனமுவந்து கொடுப்போம். கொடுத்த பங்கிற்குக் கணக்கும் கேட்போம்.